பேதுருவுக்கு ‘ஆர்’, யூதாசுக்கு ‘ஆன்’: எல்லைத் தமிழரின் திருமறையும் ஒழுக்கத் தீர்ப்பும்

மத்தேயு நற்செய்தியின் 26-ஆம் அதிகாரம் பேதுருவின் அழுகையோடு முடிகிறது. தம் ஆசிரியரை அறியேன் என்று மூன்று முறை மறுத்தவர், சேவல் கூவியதும் வெளியே சென்று அழுகிறார். அடுத்த அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில், அதே ஆசிரியரைக் காட்டிக்கொடுத்த யூதாசு தன் செயலுக்காக வருந்தி, வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவருகிறான். இரண்டு வசனங்கள் கழித்துத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். இருவரும் சீடர்கள், இருவரும் தவறினார்கள், இருவரும் வருந்தினார்கள். இரண்டு வருத்தங்களுக்கும் இடையே இரண்டு மூன்று வசனங்களே உள்ளன.

மேற்கண்ட பத்தியைத் தமிழில் எழுதியபோதே ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. பேதுரு ‘அழுகிறார்’, யூதாசு ‘கொண்டுவருகிறான்’. கிரேக்க மூலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. அம்மொழியின் வினைமுற்றில் மரியாதை விகுதி என்பதே இல்லை. தமிழில் அது உண்டு. ஆகவே தமிழில் திருமறையை மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு மாந்தருக்கும் ‘ஆன்’ கொடுப்பதா, ‘ஆர்’ கொடுப்பதா என்று முடிவு செய்தே தீர வேண்டும். குறையுள்ள மனிதர்களைத் திருமறை எவ்வாறு மதிப்பிடுகிறது என்னும் பழைய வினா, தமிழில் இறையியலர் கைக்குப் போகும் முன்னரே இலக்கணத்தின் கைக்கு வந்துவிடுகிறது.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பொருத்தமான நிலப்பகுதி, பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழும் மலையாளமும் உரசிக்கொள்ளும் எல்லை. அங்கே வாழும் கிறித்தவர்கள் ஒரே நிகழ்ச்சியை இரண்டு மொழிகளில், இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளில் கேட்டு வளர்பவர்கள். ஒரு சொல்லில் ஒளிந்திருக்கும் தீர்ப்பு, அதற்கு ஈடான மற்றொரு மொழிச் சொல்லின் அருகே வைக்கப்படும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

1. எல்லையின் இரு முனைகள்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய வட்டங்கள் கேரளத்தில் நின்றன. இவை தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரியிருந்தது. எல்லைக்கோடு மாறியது, வழிபாட்டு மொழி மாறவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகியவை கோவைச் சமவெளியின் தொடர்ச்சி போன்றவை. இப்பகுதியின் இலத்தீன் முறைக் கத்தோலிக்கர் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின் கீழ் இருந்தனர். கோவை 1850-இல் தனி மறைப்பணி ஆட்சிப்பகுதியாகவும் 1886-இல் மறைமாவட்டமாகவும் ஆனது. கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது 2013 டிசம்பரில்தான். அதாவது, மாநிலம் பிரிந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் வரை பாலக்காட்டுத் தமிழ்க் கத்தோலிக்கரின் ஆயர் கோவையில் இருந்தார்.

இடுக்கிப் பக்கத்தின் கதை வேறு. 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதன் பிறகு கங்காணிகளின் வழியாகத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் மலையேறினர். அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர், சீர்திருத்தக் கிறித்தவரும் இருந்தனர். கத்தோலிக்கர் 1930-இல் அமைந்த விஜயபுரம் மறைமாவட்டத்தின் கீழ் வந்தனர். சீர்திருத்தச் சபையினர் 1947-க்குப் பின் தென்னிந்தியத் திருச்சபையினர் ஆயினர்.

ஆக, எல்லைத் தமிழரிடையே குறைந்தது மூன்று திருமறைகள் புழங்குகின்றன. ஒன்று, ஹென்றி பவர் தலைமையிலான குழு செப்பனிட்டு 1871-இல் முழுமையாக வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. சீர்திருத்தச் சபையினர் இன்றும் பெரும்பாலும் இதையே வாசிக்கின்றனர். இரண்டு, 1995-இல் வெளிவந்து கத்தோலிக்க வழிபாட்டில் நிலைபெற்ற ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பு. மூன்று, அண்டை வீட்டிலும் பள்ளியிலும் கேட்கும் மலையாளத் திருமறை. அதிலும் 1910-இன் ‘சத்தியவேதபுஸ்தகம்’ ஒன்று, பிற்காலக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பு மற்றொன்று.

2. விகுதி வழங்கும் தீர்ப்பு

1871 மொழிபெயர்ப்பின் விதி எளிமையானது. இறைவனுக்கும் இயேசுவுக்கும் தூய ஆவிக்கும் ‘ஆர்’. மனிதர் எவராயினும் ‘ஆன்’ அல்லது ‘ஆள்’. ஆபிரகாமும் மோசேயும் தாவீதும் பேதுருவும் ‘சொன்னான்’ என்றே வருகின்றனர். இயேசுவின் தாயும் ‘சொன்னாள்’ என்றே வருகிறார். இன்றைய வாசகரின் செவிக்கு இது மரியாதைக் குறைவாக ஒலிக்கலாம். ஆனால் இதற்குள் ஒரு சமன்பாடு உண்டு. கடவுளின் முன்னே குற்றவாளி, நல்லவன், அரசன், ஏவலன் என்னும் பிரிவு இல்லை. எல்லோரும் ஒரே விகுதியின் கீழ் நிற்கின்றனர். இம்மொழிபெயர்ப்பில் பேதுருவும் ‘அழுதான்’, யூதாசும் ‘நான்றுகொண்டு’ செத்தான். வாசகருக்கு விகுதி எந்தக் குறிப்பும் கொடுப்பதில்லை.

1995 மொழிபெயர்ப்பாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் தமிழுக்கு ஏற்ப மனிதருக்கு மதிப்பு வழங்க முனைந்தனர். மோசே, தாவீது, பேதுரு, மகதலா மரியா ஆகியோர் ‘ஆர்’ பெற்றனர். வழிபாட்டில் வாசிக்கப்படும் நூலுக்கு இது இயல்பான, வரவேற்கத்தக்க மாற்றம். தேயிலைத் தோட்டத்தில் இதன் பொருள் இன்னும் ஆழமானது. துரைக்கும் கணக்குப்பிள்ளைக்கும் ‘ஆர்’, கொழுந்து பறிப்பவருக்கு ‘ஆள்’ என்னும் பேச்சு வழக்கில் வளர்ந்த சமூகத்திற்கு, மீனவரான பேதுரு ‘ஆர்’ பெறுவது சிறிய செய்தி அன்று.

ஆனால் சிலருக்கு மதிப்பு வழங்கத் தொடங்கியதும், யாருக்கு வழங்குவதில்லை என்னும் கேள்வி உடன் பிறக்கிறது. 1871-இல் இல்லாத அப்பட்டியல் 1995-இல் தோன்றுகிறது. ஏரோது ‘ஆன்’. பிலாத்து ‘ஆன்’. பன்னிருவருள் யூதாசு மட்டும் ‘ஆன்’.

இங்கே தாவீதை நினைத்துப்பார்ப்பது நலம். சாமுவேலின் இரண்டாம் நூல் 11-ஆம் அதிகாரம் அவரைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. தம் படைவீரர் உரியாவின் மனைவியை அழைத்துவரச் செய்கிறார்; அவள் கருவுற்றதை மறைக்க முயல்கிறார்; முயற்சி தோற்றதும் உரியா கொல்லப்படும்படி போர்முனையில் நிறுத்த ஆணையிடுகிறார்; அந்த ஆணையை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறார். அதிகாரத்தை இதைவிடக் கொடியதாகப் பயன்படுத்தும் காட்சி திருமறையில் அரிது. திருமறைக்குள்ளேயே இதைப்பற்றி இருவேறு மனநிலைகள் உள்ளன. தாவீதின் ஆட்சியை மீண்டும் சொல்லும் குறிப்பேட்டு முதல் நூல் இந்நிகழ்ச்சியை முழுவதுமாக விட்டுவிடுகிறது. மத்தேயுவோ, இயேசுவின் தலைமுறை அட்டவணையில் பத்சேபாவின் பெயரைச் சொல்லாமல் ‘உரியாவின் மனைவி’ என்று குறித்து, பழைய காயத்தை நினைவூட்டுகிறார்.

தாவீது நாத்தானின் முன் தம் பாவத்தை ஒப்புக்கொண்டார். யூதாசும் தலைமைக் குருக்களின் முன் தம் பாவத்தை ஒப்புக்கொண்டார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருவர் வாயிலும் வருவது ‘பாவஞ்செய்தேன்’ என்னும் ஒரே சொல். இருப்பினும் 1995-இன் தமிழில் கொலைக்கு ஆணையிட்ட அரசர் ‘ஆர்’ பெறுகிறார். காட்டிக்கொடுத்த சீடர் ‘ஆன்’ பெறுகிறார். செயலின் கொடுமையை வைத்து மட்டும் இந்த வேறுபாட்டை விளக்க இயலாது. மரபு யாரை மன்னித்தது, யாரை மன்னிக்கவில்லை என்பதையே விகுதி பதிவு செய்கிறது.

மலையாளம் இந்தச் சிக்கலிலிருந்து பெருமளவு தப்பித்துக்கொண்டது. அம்மொழியின் வினைமுற்று பால், எண், இட விகுதிகளை இடைக்காலத்திலேயே இழந்துவிட்டது. ‘கரஞ்ஞு’ என்றால் அழுதான், அழுதாள், அழுதார் எல்லாம் அடங்கும். சுட்டுப்பெயரில் மட்டுமே மலையாளம் தேர்வு செய்ய வேண்டும்; அங்கும் மரபான மொழிபெயர்ப்புகள் இயேசுவுக்கே ‘அவன்’ என்பதைத்தான் வழங்குகின்றன. குருத்து ஞாயிறன்று காலையில் மலையாளத் திருப்பலியிலும், அடுத்துத் தமிழ்த் திருப்பலியிலும் பாடுகளின் வரலாற்றைக் கேட்கும் ஒருவர், முதல் வாசிப்பில் இல்லாத ஒரு தீர்ப்பை இரண்டாம் வாசிப்பில் கேட்கிறார். அதை அவர் இறைவாக்கு என்றே எண்ணக்கூடும். உண்மையில் அது தமிழ் வினைமுற்றின் கட்டாயம்.

இப்பதிவு இனி பேதுருவையும் யூதாசையும் ஒரே விகுதியால் குறிக்கும்.

3. காட்டிக்கொடுத்தல், ஒப்புக்கொடுத்தல், ஒற்றிக்கொடுத்தல்

யூதாசின் செயலைக் குறிக்க நற்செய்திகள் பெரிதும் வழங்கும் கிரேக்க வினை ‘பரதிதோமி’. அதன் நேர்ப்பொருள் ‘கையளித்தல்’. இதே வினைதான் பிலாத்து இயேசுவைச் சிலுவைக்குக் கையளித்ததற்கும் வருகிறது. பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில், தந்தையாகிய கடவுள் தம் மகனை அனைவருக்காகவும் கையளித்ததற்கும் இதே வினைதான். யூதாசு, பிலாத்து, கடவுள் என மூவரும் ஒரே வினையின் எழுவாய்கள்.

1871 தமிழில் இவ்வினை இரண்டாகப் பிளவுபடுகிறது. யூதாசு செய்தால் அது ‘காட்டிக்கொடுத்தல்’. பிலாத்தும் கடவுளும் செய்தால் அது ‘ஒப்புக்கொடுத்தல்’. மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற முடியாது. தமிழ்ச் சூழலில் யூதாசு ‘ஒப்புக்கொடுத்தார்’ என்றால் நிகழ்ச்சியே விளங்காது. இருளில் யார் இயேசு என்று முத்தத்தால் சுட்டிக் காட்டியவருக்குக் ‘காட்டி’ என்னும் வினையெச்சம் மிகப் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. ஆனால் பிளவின் விளைவு பெரிது. ஒரே நிகழ்ச்சிக்குள் மனிதத் துரோகமும் அரசின் கோழைத்தனமும் இறைவனின் கொடையும் பின்னிக் கிடக்கின்றன என்பது கிரேக்க வாசகருக்குச் சொல்லளவிலேயே தெரியும். தமிழ் வாசகருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. மூலத்தில் வெளிப்படையாகத் ‘துரோகி’ என்னும் பெயர்ச்சொல் யூதாசுக்கு வருவது லூக்கா 6-ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு முறை. தமிழிலோ ‘காட்டிக்கொடுத்த’ என்னும் அடைமொழி ஒவ்வொரு முறையும் அவ்வசையைச் சுமந்து வருகிறது.

மலையாளத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘காணிச்சுகொடுத்த’ என்கிறது. அது தமிழின் நேர் உறவு. பின்வந்த கத்தோலிக்க மொழிபெயர்ப்போ ‘ஒற்றிக்கொடுத்த’ என்கிறது. ஒற்று என்னும் சொல் தமிழருக்கு அந்நியமானதன்று; ‘ஒற்றாடல்’ என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் ஒற்றர் என்பவர் தொடக்கத்திலேயே எதிரிக்காக வேலை செய்பவர். காட்டிக்கொடுப்பவரோ உள்ளிருந்து பிறழ்ந்தவர். முதற்சொல் யூதாசின் மூன்றாண்டுச் சீடத்துவத்தையே பொய்யாக்கிவிடுகிறது. இரண்டாம் சொல் அதை உண்மையென்று ஏற்று, இறுதியில் நேர்ந்த வீழ்ச்சியைக் குறிக்கிறது. இரு சொற்களையும் அறிந்த எல்லைவாசி, விரும்பினால், இரண்டு வேறு யூதாசுகளைக் காணலாம்.

தமிழ்ச் செவிக்கு இன்னொரு நிழலும் உண்டு. ‘காட்டிக்கொடுத்தவன்’ என்றதும் தமிழர் நினைவில் எழும் பெயர் எட்டப்பன். எட்டயபுரத்து ஆட்சியாளர் மரபின் பட்டப்பெயராக இருந்த அது, 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட வரலாற்றின் பின்னணியில் ஒரு வசைச்சொல்லாக மாறியது. 1959-இல் வெளியான திரைப்படம் அதை ஊர்தோறும் கொண்டுசென்றது. ஒரு குடும்பப் பெயரே பழிச்சொல்லாக மாறும் இந்தப் போக்கு யூதாசுக்கும் நேர்ந்தது. கிரேக்கத்தில் ‘யூதாஸ்’ என்பது குலமுதல்வர் யூதாவின் பெயரேதான். திருத்தூதர் யூதா ததேயுவின் பெயரும் அதுவே. தமிழ் மரபு நல்லவர்களை ‘யூதா’ என்றும் காட்டிக்கொடுத்தவரை ‘யூதாஸ்’ என்றும் பிரித்து எழுதியது. ஒரு மெய்யெழுத்து இங்கே சான்றிதழாகிவிட்டது.

4. மனஸ்தாபம் என்னும் சொல்லின் மூன்று வாழ்வுகள்

மத்தேயு 27-இல் யூதாசின் வருத்தத்தைக் குறிக்கும் கிரேக்க வினை ‘மெட்டாமெலோமாய்’. மனமாற்றத்திற்கு நற்செய்தி அழைக்கும்போது வழங்கும் வினை ‘மெட்டானோயெஓ’. இவ்வேறுபாட்டைக் காட்டிப் பல உரையாசிரியர்கள் யூதாசை ஒதுக்குவர்: அவர் வருந்தினார், ஆனால் மனந்திரும்பவில்லை என்பர். 1871 தமிழ் இவ்வேறுபாட்டைக் கவனமாகக் காக்கிறது. அழைப்புக்கு ‘மனந்திரும்புதல்’, யூதாசுக்கு ‘மனஸ்தாபப்பட்டு’.

ஆனால் அந்தச் சொல்லை அம்மொழிபெயர்ப்பு வேறு எங்கே வழங்குகிறது என்று தேடினால் வியப்பு காத்திருக்கிறது. தொடக்கநூல் 6-ஆம் அதிகாரத்தில், மனிதரைப் படைத்ததற்காகக் கடவுள் மனஸ்தாபப்படுகிறார். சாமுவேலின் முதல் நூல் 15-ஆம் அதிகாரத்தில், சவுலை அரசனாக்கியதற்காக அவர் மனஸ்தாபம் கொள்கிறார். அதே அதிகாரத்தில் சற்றுக் கீழே, மனஸ்தாபப்பட அவர் மனிதர் அல்லர் என்று சாமுவேல் மறுத்துரைக்கிறார். யூதாசின் வருத்தத்திற்கு இடப்பட்ட சொல் கடவுளின் வருத்தத்திற்கும் இடப்பட்ட சொல். அதைத் தாழ்ந்த வருத்தம் என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

கத்தோலிக்க மரபில் இச்சொல்லின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. பாவமன்னிப்புக்குரிய நூல் ஒன்று தமிழில் முதன்முதலாக அச்சேறியது கேரள மண்ணில்தான். அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றிக்கே என்றிக்கசு 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1579-இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆகியவற்றை வெளியிட்டார். 1580-இல் ‘கொம்பெசியொனாயரு’ என்னும் கையேடு வந்தது. தலைப்பே போர்த்துக்கீசியத்தின் ஒலிபெயர்ப்பு. பாவத்தை அறிக்கையிடுதல் என்பதற்குத் தமிழ்ச் சொல் இன்னும் நிலைபெறாத காலம் அது. பின்னர் ‘பாவசங்கீர்த்தனம்’ வழக்கில் வந்தது. இன்று ‘ஒப்புரவு’ என்கின்றனர். இவ்வளர்ச்சியின் நடுவே ‘உத்தம மனஸ்தாபம்’ என்பது, தண்டனைக்கு அஞ்சி அன்றி, இறைவன்மேல் கொண்ட அன்பினால் எழும் முழுமையான வருத்தத்திற்குப் பெயரானது. இவ்வேறுபாட்டை 1551-இல் திரிதெந்து பொதுச்சங்கம் வரையறுத்திருந்தது. ‘உத்தம மனஸ்தாப மந்திரம்’ பல தலைமுறைத் தமிழ்க் கத்தோலிக்கர் மனப்பாடமாகச் சொன்ன செபம். மலையாளக் கத்தோலிக்கரும் இதே சொல்லால் ‘மனஸ்தாப பிரகரணம்’ என்று செபிக்கின்றனர்.

மூன்றாவது வாழ்வு இன்றைய பேச்சுத் தமிழில். இரு குடும்பங்களுக்கிடையே மனஸ்தாபம் என்றால் பிணக்கு, கசப்பு. தேவாலயத்திற்கு வெளியே இச்சொல் தன் வருத்தப் பொருளைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. இன்று பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கும் இளைஞர், யூதாசுக்கு யார்மேலோ கோபம் என்று பொருள்கொள்ள வாய்ப்புண்டு. மூணாறில் சீர்திருத்தச் சபைக் குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பமும் அடுத்தடுத்த லயத்தில் வாழலாம். ஒரே சொல் ஒரு வீட்டில் குறைபட்ட வருத்தம், மறுவீட்டில் நிறைவான வருத்தம், தெருவில் வெறும் பிணக்கு.

கத்தோலிக்க மரபு மனவருத்தம், அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றையும் பாவமன்னிப்பின் கூறுகளாகச் சொல்கிறது. மத்தேயுவின் மூன்று வசனங்களில் இம்மூன்றும் உள்ளன. யூதாசு வருந்துகிறார், பாவம் செய்ததாக வாய்விட்டுச் சொல்கிறார், காசைத் திருப்பிக் கொடுக்கிறார். குறைவது ஒன்றே: கேட்பவரின் மறுமொழி. மன்னிப்பின் வாயிலில் நிற்க வேண்டிய குருக்கள், அது தங்கள் கவலை அன்று, அவர் பாடு என்று கைகழுவிவிடுகின்றனர். பேதுருவின் நிலை வேறு. லூக்காவின்படி, அவருக்காக இயேசு முன்னரே மன்றாடியிருந்தார். மறுதலித்த கணத்தில் திரும்பி அவரை நோக்கினார். யோவான் 21-இன்படி, கடற்கரையில் காலை உணவோடு காத்திருந்தார். இருவரின் குணத்தை எடைபோடும் முன், இருவரையும் ஏற்க யார் இருந்தார்கள் என்று கேட்பது நேர்மை.

5. கல்லறைச் சுவருக்கு வெளியே

இந்த ஆய்வு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. யூதாசின் மீதான தீர்ப்பு, நூற்றாண்டுகளாக உண்மையான மனிதர்களின் உடல்களின் மீது நிறைவேற்றப்பட்டது.

தொடக்கத் திருச்சபையில் கருத்து ஒன்றாக இருக்கவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜென், யூதாசின் வருத்தத்தில் ஆசிரியரின் போதனை முற்றிலும் அழிந்துவிடாததற்கான அடையாளத்தைக் கண்டார். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ முதல் நூலில், யூதாசு தம்மைத் தாமே கொன்றதால் குற்றத்தைக் கூட்டிக்கொண்டார் என்றும், இரக்கத்தின்மேல் நம்பிக்கை இழந்ததால் மன்னிப்புக்கு இடம் வைக்கவில்லை என்றும் வாதிட்டார். மேற்குலகில் நிலைத்தது அகுஸ்தீனின் குரல்.

அக்குரல் சட்டமானது. 1662-இன் ஆங்கிலிக்கப் பொதுச் செபநூல், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவருக்கு அடக்க வழிபாட்டை மறுத்தது. 1917-இன் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தெரிந்தே தம்மை மாய்த்துக்கொண்டவர் இறக்குமுன் வருத்தத்தின் அறிகுறி காட்டவில்லையெனில் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. தோட்ட மலைகளுக்கு வந்த இரு கிறித்தவங்களும் இந்த விதியோடுதான் வந்தன. மூணாற்றின் கிறிஸ்து ஆலயத்தின் வரலாறே ஒரு கல்லறையிலிருந்து தொடங்குகிறது. 1894-இல் இறந்த ஒரு தோட்ட மேலாளரின் இளம் மனைவி அம்மலைச் சரிவில் அடக்கம் செய்யப்பட்டார்; ஆலயத்திற்கு 1910-இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு, புதைக்கப்படும் நிலமே முதல் உறுதியான முகவரி. அந்நிலத்தில் இடம் மறுக்கப்படுவது எத்தகைய தண்டனை என்பதை அங்கே வாழ்பவர் அறிவர்.

மாற்றம் மெல்ல வந்தது. 1983-இன் புதிய சட்டத்தொகுப்பு, அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலிலிருந்து இவர்களை நீக்கியது. 1992-இன் மறைக்கல்வி நூல், தம் உயிரை மாய்த்துக்கொண்டவரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றது; கடும் மனவேதனையும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதையும் ஏற்றது. 2006 அக்டோபரில் யூதாசைப் பற்றிய மறையுரையில் பதினாறாம் பெனடிக்ட், அவர்மீது தீர்ப்பிடுவது மனிதர் வேலை அன்று என்றார். இந்தியச் சட்டமும் ஏறத்தாழ இதே பாதையில் நடந்தது. 1860-இன் தண்டனைச் சட்டம் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் அம்முயற்சியைக் கடும் மன அழுத்தத்தின் விளைவாகக் கருத வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பழைய பொதுப் பிரிவு இடம்பெறவில்லை.

இடுக்கியில் இது ஏட்டுச் செய்தி அன்று. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. 2018 பெருவெள்ளத்தைத் தொடர்ந்து, 2019-இன் தொடக்கத்தில் கடனில் மூழ்கிய விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அம்மாவட்டத்திலிருந்து அடுத்தடுத்து வந்தன. அத்தகைய ஒரு வீட்டார் குருத்து ஞாயிறன்று ஆலயத்தில் அமர்ந்து மத்தேயுவின் பாடுகளைக் கேட்கும்போது, ‘ஆன்’ என்னும் விகுதி யார்மீது விழுகிறது என்பதை மொழிபெயர்ப்பாளரும் மறையுரையாளரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

6. தீர்ப்பின் எல்லை

யூதாசை நல்லவராக்குவது இப்பதிவின் நோக்கம் அன்று. அவர் பிறவாதிருந்தால் நலம் என்னும் பொருளில் இயேசுவே பேசியதாக மத்தேயுவும் மாற்குவும் பதிவு செய்கின்றனர். யோவான் அவரைத் திருடர் என்கிறார். ‘அழிவின் மகன்’ என்னும் கடுஞ்சொல்லும் அங்கே உண்டு. காலத்தால் முந்திய மாற்கு யூதாசின் நோக்கத்தைச் சொல்வதில்லை. மத்தேயு பணத்தைச் சொல்கிறார். லூக்கா சாத்தானைச் சொல்கிறார். யோவான் இரண்டையும் சேர்க்கிறார். சித்திரம் இவ்வாறு கருத்துக்கொண்டே போவதும் உண்மை. அவர் செய்த செயல் தீயது என்பதில் நான்கு நற்செய்திகளுக்கும் ஐயம் இல்லை.

ஆனால் செயலைத் தீர்ப்பதும் மனிதரை முடித்துவைப்பதும் வேறு. கைது செய்யப்படும் தருணத்தில் மத்தேயுவின் இயேசு யூதாசிடம் பேசும் கடைசி விளி, பழைய தமிழில் ‘சிநேகிதனே’, புதிய தமிழில் ‘தோழா’. இயேசு கைவிடாத விளியை மொழிபெயர்ப்பு விகுதியால் திரும்பப் பெறத் தேவையில்லை. இனி ஒரு திருத்தப் பதிப்பு வருமாயின், இரண்டு வழிகள் உள்ளன: 1871-ஐப் போல மனிதர் எல்லோருக்கும் ஒரே விகுதி, அல்லது யூதாசும் பிலாத்தும் உட்பட எல்லோருக்கும் ‘ஆர்’. குற்றத்தைச் சொல்ல வினையடியே போதும். ‘காட்டிக்கொடுத்தார்’ என்று எழுதினாலும் காட்டிக்கொடுத்தது காட்டிக்கொடுத்ததுதான்.

கோவிலில் யூதாசு எறிந்துவிட்டுப்போன காசைக் குருக்கள் காணிக்கைப் பெட்டியில் சேர்க்கவில்லை. அது இரத்தத்தின் விலை என்றனர். அதைக் கொண்டு குயவரின் நிலம் ஒன்றை வாங்கினர். அந்நிலம் எதற்கு என்பதையும் மத்தேயு சொல்கிறார்: அந்நியரை அடக்கம் செய்வதற்கு. பிற்காலத் திருச்சபை எவருடைய பெயரைச் சொல்லிக் கல்லறை நிலத்தை மறுத்ததோ, அவர் திருப்பிக் கொடுத்த காசில்தான், ஊரற்றவர்கள் புதைக்கப்பட ஒரு நிலம் கிடைத்தது என்கிறது நற்செய்தி.